சராசரிக்குள் ஒளிந்தவன்

அத்தியாயம் 11

மேசையில் இருந்த தேநீர்க் கோப்பை துள்ளி விழுந்தது. றூபன் குத்திய குத்து அப்படி.

"ரெண்டு வரி அக்கா! என்ர அம்மான்ர இடுப்பை உடைச்சுப்போட்டு ஓடினவனைப் பிடியுங்கோ எண்டு கேட்டா, பொலிஸ்காரன் எனக்கு அனுப்பின பதில் ரெண்டே ரெண்டு வரி! புதுசா ஏதும் தெரிய வந்தா அறிவிப்பினமாம். நான் அறிவிக்கிறன் பாருங்கோ அவங்களுக்கு!"

சுலோச்சனா கோப்பையை நிமிர்த்தி வைத்தாள். தேநீர் அவளுடைய காற்சட்டையில் வழிந்துகொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை. கொட்டியதைவிட அந்த ரெண்டு வரிதான் அவளுக்கும் சுட்டது.

மோர்டனில், ஒரு மளிகைக்கடைக்கு மேலே அவளுடைய அலுவலகம். கீழே கருவாடு, மேலே துப்பறிதல். "ரெண்டுக்கும் சனம் மூக்கைப் பிடிச்சுக்கொண்டுதான் வருது" என்பான் ஜெனோசன். ஜெனோசன் அவளுடைய உதவியாள். முன்னாள் பஸ் சாரதி. பஸ்ஸை விட்டாலும் பஸ் அளவு வயிற்றை விடாதவன். வாய் அதைவிடப் பெரிது.

"முதல்ல இருந்து சொல்லும்," என்றாள் சுலோச்சனா.

றூபன் சொன்னான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிளேஸ்டோவில் மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்கு நடந்து வந்த அவனுடைய அம்மா இம்மாகுலேற்றை, பாதசாரிக் கடவையில் வைத்து ஒரு வெள்ளிநிறக் கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. கார் அன்றே ஒரு பின் ஒழுங்கையில் அநாதையாக நின்றது. ஆளில்லை. காரின் சொந்தக்காரன் சஞ்சயன், றூபனின் உயிர்ச் சிநேகிதன்.

"அப்ப சஞ்சயன்தான் ஓட்டினவன் எண்டு பொலிஸ் பிடிக்கேல்லையோ?" என்று கேட்டான் ஜெனோசன்.

"எப்பிடிப் பிடிக்கிறது? அந்த நேரம் அவன் மைதானத்தில பேஸ்பால் மட்டையோட நிண்டவன்! ஸ்கோரில பேர் இருக்கு. அவனுக்குப் பந்து போட்ட வெள்ளைக்காரன் முதற்கொண்டு சாட்சி. கார் பார்க்கில நிண்ட காரை எவனோ களவெடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அந்தக் களவாணிதான் எனக்கு வேணும்."

"நீரும் அங்க நிண்டனீரோ?"

"ஓம். வெளியில நிண்டு பாத்தனான். எனக்கு இந்த சீசன் தடையெல்லோ. போன வருசம் அம்பயரோட கொழுவி மட்டையை எறிஞ்சுபோட்டன். அவன்மேல படக்கூட இல்லை."

"குறி தவறினதுக்கே தடையோ?" என்றான் ஜெனோசன். "பட்டிருந்தா நாடு கடத்தியிருப்பாங்கள்."

றூபன் சிரிக்கவில்லை. அவனுடைய கண்கள் சிவந்திருந்தன. "அம்மா றோட்டில கிடக்க, கோயில் சனம் மாறி மாறி எனக்கு அடிச்சிருக்குது. மிஸ்ட் கோல் மேல மிஸ்ட் கோல். ஒண்டையும் நான் எடுக்கேல்ல. மட்ச் முடியத்தான் போனைப் பாத்தன். அம்புலன்ஸில ஏத்தேக்க பக்கத்தில பிள்ளை இல்லை. அதை நினைச்சா எனக்கு ஆரையாவது அடிக்கோணும் போல கிடக்கு."

"சஞ்சயனோட நான் கதைக்கோணும்."

"அவனைத் தொடாதேங்கோ அக்கா. அவன் தங்கம். நாள் தவறாமல் ஆஸ்பத்திரிக்கு அம்மாக்கு சூப் கொண்டுபோறவன். செவ்வாய்க்கிழமை கனடாவுக்குப் போறான், ஒரேயடியா. அதுக்குள்ள களவாணியைக் கண்டுபிடிச்சா அவனும் நிம்மதியாப் போவான்."

செவ்வாய்க்கிழமை. இன்றைக்குச் சனி. சுலோச்சனா காற்சட்டையைத் துடைத்துக்கொண்டே எழும்பினாள்.

* * *

"விபத்தெண்டு சொல்லாதை பிள்ளை! அந்தச் சொல்லைக் கேட்டா எனக்குப் பத்தி எரியுது. விபத்தெண்டா நிண்டு தூக்கியிருப்பான்!"

இம்மாகுலேற் கட்டிலில் அசையாமல் கிடந்தா. அசைந்ததெல்லாம் வாய் மட்டுந்தான். அடுத்த கட்டில் வெள்ளைக்காரக் கிழவி போர்வையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு சொல்லும் விளங்காமலே பயந்துபோய்ப் பார்த்தது.

"ஓட்டினவன்ர முகம் ஞாபகமிருக்கோ அன்ரி?" என்று கேட்டாள் சுலோச்சனா.

"தொப்பி போட்டிருந்தவன். வாயைப் பிளந்துகொண்டு ஒரு முகம், கண்ணாடிக்கு அங்கால. ஒரு செக்கன். தெரிஞ்ச முகமோ தெரியாத முகமோ எண்டே சொல்ல ஏலாது. ஆனா திரும்பக் கண்டனெண்டா விடமாட்டன்." மூச்சு வாங்கினா. "எனக்கு அவன் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணுறது பிறகு. முதல்ல இஞ்ச வந்து, இந்தக் கட்டிலடியில நிண்டு, என்ர முகத்தைப் பாத்து நான்தான் எண்டு சொல்லோணும். அவ்வளவுந்தான் எனக்கு வேணும். நானென்ன நாயோ, அடிச்சுப்போட்டுப் போறதுக்கு?"

சுலோச்சனா கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப்போட்டாள்.

ஜெனோசன் கட்டிலடி மேசையில் இருந்த சூப் குடுவையைத் திறந்து மோந்து பார்த்தான். "ஆட்டெலும்பு. மிளகு தூக்கல். நல்ல கை."

"சஞ்சயன் தம்பி கொண்டு வாறது. எனக்கு ரெண்டாவது பிள்ளை மாதிரி." இம்மாகுலேற்றின் முகம் கொஞ்சம் இளகியது. "ஆனா பார், உள்ளுக்கு வராது. வாசல்ல நேர்ஸிட்ட குடுத்திட்டு ஓடிடும். நான் நித்திரையாம், எழுப்பக்கூடாதாம். நாள் முழுக்க ஒருத்தி நித்திரை கொள்ளுவாளோ? வெக்கப்படுது போல, தன்ர கார் எண்டு."

"அப்ப விழுந்ததில இருந்து நீங்கள் அவரைக் காணேல்ல?"

"காணேல்ல."

சுலோச்சனா அதை மனதுக்குள் மடித்து வைத்தாள்.

இம்மாகுலேற் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டா. "எங்கட மன்னார்ப் பக்கம் பங்குத் திருநாளெண்டா எல்லே விளையாட்டு மட்ச் நடக்கும். தடியால பந்தை அடிச்சுப்போட்டு ஓடுறது. ஓடேக்க மற்றப் பக்கம் பந்தாலயே எறியும், உடம்பில பட்டா அவுட். என்ர மகன் பதினேழு வயசுவரை ஓடினவன். ஒருநாள்கூட முதுகில பந்து படேல்ல, கேட்டுப் பார். அவனைப் பெத்தவள் நான், ஒரு காருக்கு விலத்தத் தெரியாமல் கிடக்கிறன். த்தூ!"

"அன்ரி," என்றான் ஜெனோசன், "பந்து சைஸில கார் வந்திருந்தா நீங்களும் விலத்தியிருப்பியள்."

இம்மாகுலேற் அவனை ஒரு முறை முறைத்தா. பிறகு அந்த மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தா. சிரிக்க இடுப்பு நொந்தது. உடனே அவனைத் திட்டத் தொடங்கினா.

* * *

வெஸ்ட் ஈலிங்கில், அம்மன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி மிதுஷாவின் வீடு. அங்கே போய்ச் சேருவதற்குள் ஜெனோசன் லண்டனின் எல்லா றவுண்ட்அபௌட்டையும் பெயர் சொல்லித் திட்டி முடித்திருந்தான்.

மிதுஷா பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கிறவள். சஞ்சயன் விளையாடும் லீக்கில் எல்லா ஆட்டக்காரர்களின் கணக்கும் அவள் கையில். சம்பளமில்லாத வேலை. மைதானம் பக்கமே அவள் போவதில்லை. ஸ்கோர் போனுக்கு வரும், வீட்டில் இருந்தபடி கூட்டிக் கழிப்பாள்.

"வெய்யில், மழை, வியர்வை. எனக்கு எதுக்கு? நம்பர் காணும்," என்றாள். பிறகு, "சஞ்சயன் அண்ணையோ?" என்று கேட்டு ஒரு குதி குதித்தாள். "கடைசியா! கடைசியா ஒரு ஆள் கேக்குது! நான் ஜூன்லயே கிளப்புக்கு ஈமெயில் போட்டனான், லைக், மூண்டு தரம்! அவர்ட பாபிப் லிட்டரலி பைத்தியம் பிடிச்ச மாதிரி இருக்குது, பாருங்கோ எண்டு. நீ உன்ர வேலையைப் பார் எண்டு பதில். அதுதானே என்ர வேலை! நம்பரைப் பாக்கிறதுதானே என்ர வேலை!"

"பாபிப் எண்டா?" என்று கேட்டாள் சுலோச்சனா.

"பேபிக்குக் கட்டுறது," என்றான் ஜெனோசன்.

மிதுஷா அவனைக் காற்றாக நினைத்துக் கடந்தாள். "சிம்பிள் அக்கா. ஒருத்தன் மட்டையால பந்தை அடிக்கிறான். அது வேலிக்கு வெளியில போனா ஹோம் ரன், அதை விடுங்கோ. பந்தில மட்டையே படேல்லையோ, அதையும் விடுங்கோ. மிச்சம், அடிச்ச பந்து மைதானத்துக்குள்ள விழுது. அப்பிடி விழுந்ததில பத்துக்கு எத்தனை தரம் அவன் தப்பி ஓடிப்போய், பேஸ் எண்டுற அந்த வெள்ளைச் சதுரத்தை மிதிக்கிறான்? அதுதான் பாபிப். உலகத்தில அனேகம் பேருக்குப் பத்துக்கு மூண்டு. கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அதிஷ்டம் நிறைய."

"சஞ்சயனுக்கு?"

"கரியர் முழுக்கப் பாத்தா மூண்டுக்கு மேல கொஞ்சம். நல்ல பிள்ளை நம்பர். எவனும் திரும்பிப் பாக்கமாட்டான். ஆனா இந்த சீசனைப் பிரிச்சுப் பாருங்கோ! ஒரு கிழமை ஆமை. மட்டை படும், பந்து போகும், மனுசன் பாதி வழியில அவுட். அடுத்த கிழமை முயல். தொட்டதெல்லாம் தப்பிடுறார். திரும்ப ஆமை. திரும்ப முயல்."

"அதிஷ்டமா இருக்கலாம் எண்டு நீர்தானே சொன்னீர்?"

"ஓம், ஒரு மட்சை வைச்சு ஒண்டும் சொல்ல ஏலாது. ஆனா அதிஷ்டத்துக்குக் கால் முளைக்குமோ அக்கா? முயல் கிழமையில அவர் தப்புறது எல்லாம் மெதுவா உருண்டு போற பந்தில. ஓட்டத்தில தப்புறார். முழங்காலில ஒப்பரேசன் செய்த மனுசன்!"

ஜெனோசனுக்கு வாயை மூடிக்கொண்டு இருப்பது ஒத்துவராது.

"சராசரி எண்டுறதே ஒரு ஏமாத்து அக்கா. என்னையும் மிதுஷாவையும் ஒண்டாத் தராசில ஏத்திச் சராசரி எடுத்தா, ஒரு வடிவான சாதாரண மனுசன் வருவான். அந்த மனுசனை உலகத்தில ஒருத்தரும் கண்டிருக்க மாட்டினம்."

சுலோச்சனா மெல்லத் திரும்பினாள். "திருப்பிச் சொல்லு."

"என்னத்தை, ஏமாத்து எண்டதையோ?"

"ரெண்டு பேரை ஒரு தராசில ஏத்தினா, ஒரு சாதாரண மனுசன்." அவளுடைய குரல் இறங்கியிருந்தது. "மிதுஷா, றூபன்ர அம்மாவைக் கார் அடிச்ச அந்த ஞாயிறு ஆமையோ, முயலோ?"

மிதுஷா போனைத் தட்டினாள். தட்டிவிட்டு நிமிர்ந்தாள். "முயல். பொறுங்கோ, அந்த மட்ச் வீடியோகூட இருக்கு. மற்ற டீம் பகிடிக்குப் போட்டது."

சின்னத் துண்டு. தூரத்தில் இருந்து எடுத்தது. சஞ்சயனின் பதினாலாம் நம்பர் சட்டை, தாடி, தலையை மூடிய ஹெல்மெட். பந்தைத் தட்டிவிட்டு ஓடுகிறான். பக்கவாட்டில் இருந்து எதிரணி ஆள் பந்தைப் பொறுக்கி எறிகிறான். பந்து வருகிற திசை தெரிந்த கணத்தில் பதினாலாம் நம்பர் முதுகை வளைத்து, ஒரு கையால் பிடரியைப் பொத்தி, நேர்க்கோட்டை விட்டு விலகி வெட்டி ஓடுகிறான். பந்தை யாரோ ஒருவன் பிடிக்கிறான். எதிரணி விழுந்து விழுந்து சிரிக்கிறது.

"இப்பிடித்தான் எப்பவும்," என்றாள் மிதுஷா எரிச்சலோடு. "நல்லா ஓடுவார், திடீரெண்டு கோட்டை விட்டிட்டு வெட்டுவார். அதால அவுட் குடுத்ததும் இருக்கு. அவருக்கு ஆரும் எறியேல்ல, பந்து பேஸில நிக்கிறவனுக்குப் போகுது! என்னத்துக்கு விலத்துறார்?"

"ஆரோ சுடுற மாதிரியெல்லோ ஓடுறான்," என்றான் ஜெனோசன்.

சுலோச்சனா வீடியோவைத் திரும்பப் போடச் சொன்னாள். பிடரியில் பொத்திய அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பி, மிதுஷாவின் தோளில் தட்டினாள்.

"உமக்கு அப்பிடிப் பதில் போட்ட கிளப்புக்காரர் எல்லாருக்கும் இண்டைக்குப் பின்னேரம் பதில் கிடைக்கும்."

காரில் ஏறியதும், "வழியில ஒரு டென்னிஸ் பந்து வாங்கோணும்," என்றாள்.

ஜெனோசன் அவளைக் கடைக்கண்ணால் பார்த்தான். சுலோச்சனா கத்தினால் பிரச்சினையில்லை. குரல் தாழ்ந்தால்தான் பிரச்சினை.

"அக்கா, ஆருக்கோ இண்டைக்குக் கஷ்டகாலம்."

"கெதியா ஓட்டு."

* * *

மைதானத்தில் பயிற்சி முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். றூபன் வேலியோரம் நின்றான். சுலோச்சனா போன் பண்ணி வரச் சொல்லியிருந்தாள்.

"களவாணி ஆரெண்டு தெரிஞ்சுதோ அக்கா?" ஓட்டமாக வந்தான். "ஆளைச் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

"சொல்லுறன். என்ர கண்ணாடியை அந்த மர வாங்கில வைச்சிட்டன் போல. ஒருக்கா ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாரும்."

அவன் ஓடினான். வடிவான ஓட்டம். பாதித் தூரம் போனதும் சுலோச்சனா டென்னிஸ் பந்தைத் தூக்கி அவனுடைய முதுகைக் குறிவைத்து எறிந்தாள்.

"றூபன்! பந்து!"

றூபன் திரும்பிப் பார்க்கவில்லை. நிற்கவுமில்லை. முதுகு தானாக வளைந்தது. ஒரு கை பிடரிக்குப் போனது. கால் இடப்பக்கம் வெட்டியது. பந்து அவனுடைய தோளுக்கு ஒரு சாண் தள்ளிப் பறந்துபோய்ப் புல்லில் உருண்டது.

அவன் நின்றான். பந்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"இஞ்ச வா," என்றாள் சுலோச்சனா.

இவ்வளவு நேரமும் 'வாரும், போம்' என்று மரியாதையோடு கதைத்தவள். இப்போது 'வா'. ஜெனோசன் ஒரு அடி பின்னுக்கு நகர்ந்தான்.

"என்ன விளையாட்டக்கா இது?" றூபன் பந்தைப் பொறுக்கிக்கொண்டு கத்தியபடியே வந்தான். "பந்தால எறிஞ்சா ஆரும் விலத்துவான்!"

சுலோச்சனா அவன் கையில் இருந்த பந்தை வாங்கி, சொல்லாமல் கொள்ளாமல் ஜெனோசனுக்கு எறிந்தாள். ஜெனோசன் இரண்டு கையையும் நீட்டினான். பந்து வயிற்றில் பட்டுத் தெறித்தது.

"பாத்தியோ? கையை நீட்டினான்."

"பிடிச்சனான் எண்டும் வைச்சுக்கொள்ளலாம்," என்றான் ஜெனோசன் வயிற்றைத் தடவிக்கொண்டு.

"இஞ்ச வளந்த ஆக்களுக்குப் பந்து வந்தா கைதான் போகும். கிரிக்கெட்டோ பேஸ்பாலோ, பந்து பிடிக்கிறதுக்கு. பந்து வந்தா முதுகை ஒளிக்கிறது எல்லே விளையாடினவன் மட்டுந்தான். சஞ்சயன் பிறந்து வளந்தது லண்டன்ல. எல்லேத் தடியைக் கண்ணால கண்டிருக்க மாட்டான். அண்டைக்குப் பதினாலாம் நம்பர் சட்டையோட பிடரியைப் பொத்திக்கொண்டு ஓடினது சஞ்சயன் இல்லை. நீ."

"பேய்க்கதை! நான் வெளியில நிண்டு பாத்தனான் எண்டு சொன்னனானெல்லோ!"

"வெளியில நிண்டு பாக்கிறவன்ர போன் கையில இருக்கும், றூபன். வீடியோ எடுப்பான், மெசேஜ் பாப்பான். கோயில் சனம் அவ்வளவு தரம் அடிச்சும் நீ எடுக்கேல்ல. ஏனெண்டா உன்ர போன் பையுக்க கிடந்தது. விளையாடிக்கொண்டு நிண்டவன்ர போன்தான் பையுக்க கிடக்கும்."

றூபனின் வாய் திறந்தது. மூடியது. பிறகு வெடித்தது.

"ஓம்! நான்தான்! இப்ப என்ன? எனக்குத் தடை. கிளப்புக்கு ஆள் இல்லை. அவன் வராத கிழமையில அவன்ர பேரில நான் இறங்குவன். என்ர ஓட்டத்தில வெண்டது எல்லாம் அவன்ர பேரில! அந்த வெள்ளைக்காரங்களுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே முகந்தானே அக்கா. தாடி, ஹெல்மெட், கறுப்புத் தோல். இவன் அவனில்லையே எண்டு ஒரு நாய் கேக்கேல்ல. ஒருத்தன்! அதைப் பிழை எண்டு என்னட்டக் கதைக்காதேங்கோ. எனக்குக் களவாணியைச் சொல்லுங்கோ!"

சுலோச்சனாவின் குரல் இன்னும் இறங்கியது. காதைக் கிட்டக் கொண்டுபோனால்தான் கேட்கும்.

"நீ மட்டையோட நிக்கேக்க சஞ்சயன் எங்க நிண்டவன்?"

"வீட்டில. நித்திரை. கார் வீட்டு வாசல்ல இருந்துதான் களவு போனது. மைதானத்தில இருந்து எண்டு பொலிஸுக்குச் சொன்னது கிளப்புக்காக. இல்லாட்டி எனக்கும் அவனுக்கும் ஆயுள் தடை, கிளப்பையும் மூடிப்போடுவாங்கள்."

"வீட்டு வாசல்ல இருந்து களவு போனதெண்டு ஆர் சொன்னது?"

"அவன்தான்..."

"நித்திரை எண்டு ஆர் சொன்னது?"

றூபன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"உன்ர அம்மா ஓட்டினவன்ர முகத்தைக் கண்டவா. திரும்பக் கண்டா விடமாட்டன் எண்டுறா. உன்ர சிநேகிதன் ஒவ்வொரு நாளும் சூப் கொண்டுபோறான். ஒருநாள்கூட உள்ளுக்குப் போகேல்ல. வாசல்ல குடுத்திட்டு ஓடுறான். முழிச்சிருக்கிற மனுசியை நித்திரை எண்டுறான். ஏனெண்டு நீ ஒருக்காலும் யோசிக்கேல்லையோ?"

றூபனின் முகம் வெளிறிப் போனதை ஜெனோசன் கண்டான். பகிடி ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"அவனுக்கு அலிபி, வேற இடத்தில நிண்டனான் எண்ட சாட்சி, தேட வேண்டிய தேவையே வரேல்ல," என்றாள் சுலோச்சனா. "அது ஏற்கனவே இந்த மைதானத்தில அவன்ர சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடித் திரிஞ்சுது. நான்தான் ஓட்டினனான் எண்டு அவன் சொல்லோணுமெண்டால், அதுக்கு முதல் இஞ்ச மட்டையோட நிண்டது நான்தான் எண்டு நீ சொல்லோணும். நீ சொல்லேல்ல. என்னட்டயும் பொய் சொன்னாய். உன்ர அம்மாவுக்காக எண்டு வந்து நிண்டு, என்ர மேசையில குத்திக் குத்திப் பொய் சொன்னாய்!"

அந்தக் கடைசி வரியில்தான் அவளுடைய குரல் உயர்ந்தது. வேலியில் இருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன.

அப்போதுதான் வாசல் பக்கமாகச் சஞ்சயன் வந்தான். தொப்பி. தாடி. கையில் சூப் குடுவை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் சிநேகிதனைப் பார்க்க வந்திருப்பான் போல.

"மச்சான்!" என்று கை காட்டினான்.

றூபன் நிலத்தில் கிடந்த மட்டையைப் பொறுக்கினான்.

சுலோச்சனா அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். "அடி. அடிச்சியெண்டா அவன் பாவம், நீ ரவுடி. அம்பயருக்கு மட்டை எறிஞ்சவன்தானே, நீ சொல்லுறதை ஆர் நம்புவான்? அவன் கட்டுப் போட்ட தலையோட கனடாவுக்குப் போவான். உன்ர அம்மா அந்தக் கட்டில்ல கிடந்து வாசலைப் பாத்துக்கொண்டிருப்பா."

றூபன் மட்டையைக் கீழே போட்டான்.

சுலோச்சனா முகத்தை மாற்றிக்கொண்டு திரும்பினாள். "சஞ்சயன் தம்பியோ? சூப்போ கையில? நல்லதாப் போச்சு. வாரும், எல்லாரும் ஒண்டாப் போவம். அன்ரி முழிச்சுக்கொண்டுதான் இருக்கிறா. இண்டைக்கு நீரே கட்டிலடிக்குப் போய்க் குடும்."

சஞ்சயனின் சிரிப்பு முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. "இல்லையக்கா, எனக்கு ஷிப்ட்..."

"ரெண்டு நிமிசம். முகத்தைக் காட்டிப்போட்டு வரலாம்."

சஞ்சயன் றூபனைப் பார்த்தான். றூபனின் கண்ணில் எல்லாம் எழுதியிருந்தது. குடுவையை நழுவ விட்டான். திரும்பி ஓடத் தொடங்கினான்.

ஒப்பரேசன் செய்த முழங்கால். ஆமை ஓட்டம். ஆனாலும் வாசல் கிட்டத்தான், அதற்கு அப்பால் றோட்டு.

றூபன் துரத்தவில்லை. குனிந்து புல்லில் கிடந்த டென்னிஸ் பந்தை எடுத்தான். பங்குத் திருநாளில் எத்தனை பேரின் முதுகைப் பார்த்து எறிந்த கை அது. எறிந்தான்.

சஞ்சயனுக்கு முதுகை ஒளிக்கத் தெரியாது. பந்து நடு முதுகில் போய் விழுந்தது.

டென்னிஸ் பந்துக்கு ஒரு ஆம்பிளையை நிறுத்துகிற பலமில்லை. ஆனால் சஞ்சயன் நின்றான். திரும்பாமல், தோள் இரண்டும் தொங்க நின்றான்.

"பிந்திட்டுது எண்டு கெதியா வந்தனான் மச்சான்," என்றான், றோட்டைப் பார்த்தபடியே. "உன்ர மெசேஜ் வந்தது. கெதியா வா, இல்லாட்டி நான் இறங்கிறன் எண்டு. போனைத்தான் பாத்தனான். நிமிர்ந்து பாக்க அன்ரி. எனக்குக் கை கால் ஓடேல்ல. காரை அந்தப் பின் ஒழுங்கையில விட்டிட்டு ஓடி வந்து வேலிக்கு அங்கால நிண்டு பாத்தன். நீ என்ர பேரில அடிச்சுக்கொண்டு நிண்டனி."

"வந்து பாத்தனியோ?" றூபனின் குரல் உடைந்தது. "அம்மாவை றோட்டில போட்டிட்டு வந்து, நான் விளையாடுறதை நிண்டு பாத்தனியோ?"

சஞ்சயன் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டான்.

ஜெனோசன் தன்னுடைய முழு உடம்பையும் கொண்டுபோய் வாசலில் வைத்தான். அதற்குப் பிறகு அந்த வாசலால் ஒரு பூனைக்குட்டிகூட வெளியே போக முடியாது. "அவுட்," என்றான், பகிடியில்லாத குரலில்.

சுலோச்சனா தன் போனை றூபனிடம் நீட்டினாள். "ரெண்டு வரி அனுப்பினவைக்கு நீ கதை. அவன் அண்டைக்கு இஞ்ச நிக்கேல்ல எண்டு சொல்ல வேற ஒருத்தரும் வரமாட்டினம். உனக்கு ஆயுள் தடை வரும். பொய்ச்சாட்சிக்குக் கேஸும் வரலாம். யோசிச்சுப் பேசு."

"யோசிக்கிறதுக்கு என்ன கிடக்கு?" றூபன் போனைப் பறித்தான். கன்னத்தைச் சட்டைக் கையால் துடைத்தான். "ஆனா அவன் முதல்ல அம்மான்ர கட்டிலடிக்கு வரோணும் அக்கா. பொலிஸ்காரனும் கூட வரட்டும். அம்மாவுக்கு முன்னால அவன் சொல்லுறான். அவனுக்குப் பிறகு நான் சொல்லுறன்."

மறுமுனையில் ஒரு பெண்குரல் எடுத்தது. றூபன் கடகடவென்று சொன்னான். அந்த ஞாயிற்றுக்கிழமை, அந்த மட்ச், பதினாலாம் நம்பர். அந்த ஸ்கோரில் இருக்கிற பெயர் பொய் என்றான். அந்தப் பெயர்க்காரன் மைதானத்தில் இருக்கவில்லை என்றான். அந்தச் சட்டைக்குள் ஓடியது தான் என்றான்.

குரல் அவனை நிறுத்தி, பெயர் என்னவென்று கேட்டது.

புல்லில் சூப் பரவிக்கொண்டிருந்தது. மிளகு மணந்தது. றூபன் மைதானத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். இந்த சீசன் முழுக்க அவன் அங்கே ஓடியிருக்கிறான். அங்கே நின்று தன் பெயரைச் சொன்னதில்லை.

"றூபன்," என்றான். மறுமுனைக்கு விளங்கவில்லை.

எழுத்தெழுத்தாகத் திரும்பச் சொன்னான்.